முதல் பருவத் தேர்வும் மாணவரின் அச்சமும்

காஞ்சிரங்குளம் அரசுக் கல்லூரிக்கு அருகே மீனவர் ஊர்கள். சற்றுத் தள்ளிப் பாலராமபுரத்து நெசவாளர் குடும்பங்கள். இத்தகைய வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்குப் பருவத் தேர்வு வெறும் மதிப்பெண் அன்று. பெற்றோர் வாங்கிய கடனுக்குப் பதில் சொல்லும் நாள். அவரிடம் போய் மனவலிமை வேண்டும் என்று போதிப்பது எளிது. 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. அத்தனை பேரும் மனவலிமை அற்றவர்களா?

100 மாணவருக்குக் குறையாத கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் ஆலோசகர் வேண்டுமென 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பணித்தது. கேரள அரசுக் கல்லூரிகளில் 'ஜீவனி' திட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது, பாராட்டத்தக்கதே. எனினும் அதன் ஆலோசகர்கள் தற்காலிகமாகவே நியமிக்கப்படுகின்றனர். அடுத்த ஆண்டு தமக்கு வேலை உண்டா என்று அறியாதவரிடம்தான் முதலாண்டு மாணவர் தம் அச்சத்தைச் சொல்ல வேண்டியுள்ளது. அப்பணியிடங்களை நிரந்தரமாக்கும் கோரிக்கையை மாணவர் இயக்கமும் ஆசிரியர் இயக்கமும் சேர்ந்தே எழுப்ப வேண்டும்.