‘அண்ணா’ என்று அழைக்கவும் அனுமதி வேண்டுமா?

கொரிய நாடகங்களைப் பார்க்கும் இளையர்களுக்கு ‘ஒப்பா’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரு பெண் தன் அண்ணனை அழைக்கும் சொல் அது. உடன்பிறவாத மூத்த மாணவரை நாம் ‘அண்ணா’ என்று அழைப்பதுபோல, தென்கொரியாவில் நெருங்கிய மூத்த நண்பரையும் அப்படி அழைப்பார்கள், காதலனையும்கூட.

வடகொரியாவில் அதே சொல்லைக் கைப்பேசியில் தட்டினால், அது தானாகவே ‘தோழர்’ என்று மாறிவிடுகிறது. உடன்பிறந்தவரை மட்டுமே அப்படி அழைக்கலாம் என்ற எச்சரிக்கையும் திரையில் தோன்றுகிறது. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்நாட்டிலிருந்து ரகசியமாக வெளியே கொண்டுவரப்பட்ட ஒரு கைப்பேசியை ஆராய்ந்து, பிபிசி 2025இல் இதை வெளியிட்டது. அந்தக் கைப்பேசி ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை தன் திரையைத் தானே படமெடுத்து, உரிமையாளரால் திறக்க முடியாத இடத்தில் சேமித்தும் வைத்தது.

வடகொரியா என்றால் அணுவாயுதம், ஏவுகணை என்றே படித்துப் பழகிய எனக்கு இந்தச் செய்தி அவற்றைவிட அதிக அச்சம் தந்தது. ஒரு பெண் தன் நண்பனை எப்படி அழைக்கிறாள் என்பதில் ஓர் அரசாங்கத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

மூன்று சட்டங்கள்

ஏறக்குறைய ஈராண்டு காலத்தில் வடகொரியா மூன்று சட்டங்களை இயற்றியது. 2020 டிசம்பரில் வந்த முதல் சட்டம், தென்கொரிய நாடகங்களையும் பாடல்களையும் ரசிப்போருக்கு 5 முதல் 15 ஆண்டுவரை கட்டாய உழைப்புத் தண்டனை விதிக்கிறது. அவற்றைப் பெருமளவில் பரப்புவோருக்கு மரண தண்டனையும் விதிக்கப்படலாம்.

2021இல் வந்த இரண்டாவது சட்டம் இளையர்களின் உடை, சிகை அலங்காரம், பேச்சு ஆகியவற்றைக் குறிவைத்தது. 2023 ஜனவரியில் வந்த மூன்றாவது, மொழிக்கானது. தென்கொரிய பாணியில் பேசினால் 6 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனை. பிறருக்குக் கற்றுக்கொடுத்தால் இன்னும் கடுமை.

இவை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 16 வயது மாணவர்கள் இருவர், நூற்றுக்கணக்கான மாணவர்கள் முன்னிலையில் கைவிலங்கிடப்படும் காணொளி 2024 ஜனவரியில் வெளியானது. தென்கொரிய நாடகங்களைப் பார்த்ததற்காக அவர்களுக்கு 12 ஆண்டு கட்டாய உழைப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளியில் படிக்க வேண்டிய வயதில் உள்ளே போனவர்கள், 28 வயதில்தான் வெளியே வர முடியும்.

தேர்ந்தெடுக்கப் பழகிய தலைமுறை

இந்தக் கடுமைக்கு ஒரு பின்னணி உண்டு. உணவையும் உடையையும் அரசாங்கமே பங்கிட்டுக் கொடுத்த காலத்தில் மக்களுக்குத் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்கவில்லை. 1990களின் கொடும்பஞ்சத்தில் அந்தப் பங்கீட்டு முறை சரிந்தது. பிழைப்பதற்காக மக்கள் தாங்களே சந்தைகளை உருவாக்கினர். சீன எல்லை வழியாக அரிசியும் துணியும் வந்தன. அவற்றோடு நாடகங்கள் நிறைந்த குறுவட்டுகளும், பின்னர் பென்டிரைவ்களும் வந்தன.

அந்தச் சந்தைகளோடு வளர்ந்த தலைமுறைக்கு “எனக்கு எது பிடிக்கும்?” என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆட்சியாளர்கள் அஞ்சுவது அந்தக் கேள்விக்குத்தான் என்று நினைக்கிறேன். பாட்டை எனக்காக நானே தேர்ந்தெடுக்கலாம் என்றால், நாளை வேலையையும் வாழ்க்கையையும் தலைவரையும் தேர்ந்தெடுக்க ஏன் கூடாது?

ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’ நாவலில், சொற்களைக் குறைத்துச் சிந்தனையைக் குறுக்க முயலும் ஓர் அரசு வரும். இலக்கியப் பாடத்தில் கற்பனையாகப் படிக்கும் அந்த உத்தி, இன்று கைப்பேசிக்குள் மென்பொருளாக இயங்குகிறது.

நாம் மட்டும் சுதந்திரமானவர்களா?

இதைப் பற்றிப் பேசியபோது என் நண்பர் ஒருவர் மடக்கினார். “நாம் மட்டும் சொந்தமாகவா தேர்ந்தெடுக்கிறோம்? டிக்டாக் காட்டுவதைப் பார்க்கிறோம், எல்லாரும் போகும் படிப்புக்குப் போகிறோம்,” என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால், இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அந்த 16 வயது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. வகுப்பில் எல்லாரும் கேட்கும் பாடலை நான் கேட்காவிட்டால் கிண்டல் செய்வார்கள். அது வலிக்கும், ஆனால், சிறைக்குப் போக வேண்டியதில்லை. இங்கே ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் போதும். அங்கே அதற்கு விலை இளமைக்காலம் முழுவதும்.

அதனாலேயே நம் பொறுப்பு கூடுகிறது என்பேன். சட்டம் தடுக்காத ஒன்றை நம் கேலிப்பேச்சு தடுக்கக்கூடாது. தமிழ்ப் பாடல் கேட்பவரையோ, பரதம் ஆடும் பையனையோ, யாருமே எடுக்காத பாடத்தை விரும்பி எடுப்பவரையோ ஓரங்கட்டும்போது, எல்லாரும் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு நாமும் இடம் கொடுக்கிறோம்.

நாட்டைவிட்டு வெளியேறிய 300க்கும் மேற்பட்டோரிடம் பேசித் தயாரித்த அறிக்கையை ஐக்கிய நாட்டு மனித உரிமை அலுவலகம் 2025 செப்டம்பரில் வெளியிட்டது. உலகில் இன்று வேறெந்த மக்களும் இத்தகைய கட்டுப்பாடுகளுக்குள் வாழவில்லை என்கிறது அது.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மக்கள் நாடகம் பார்ப்பதை உண்மையிலேயே நிறுத்தியிருந்தால் ஒரு சட்டமே போதுமானதாக இருந்திருக்கும். அடுத்தடுத்து மூன்று சட்டங்கள் தேவைப்பட்டிருக்கின்றன. கதவைப் பூட்டிக்கொண்டு, ஒலியைக் குறைத்து, யாரோ இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.