திசைவி காட்டும் அளவும் தமிழ் வாசிப்பின் அளவும்

முன்னுரை

மின்னூலகம் ஒன்று எந்த அளவிற்குப் பயன்படுகிறது என்ற வினாவிற்கு எளிதில் கிடைக்கும் விடை, ரவுட்டர் எனப்படும் திசைவி காட்டும் தரவுப் போக்குவரத்து அளவாகும். பிணையத்தின் சுமையை அறிய இவ்வளவு தகுதியானது. தமிழ் நூல்களின் வாசிப்பை அறிய இதனையே சான்றாகக் கொள்வது பிழையான முடிவிற்கு இட்டுச்செல்லும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

அளவு பெறப்படும் முறை

திசைவியின் ஒவ்வோர் இணைமுகத்திலும் கடந்து செல்லும் பைட்டுகளைக் கூட்டிக்கொண்டே செல்லும் எண்ணி ஒன்று உண்டு. இரு வேளைகளில் அதனைப் படித்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இடைப்பட்ட காலத்தின் மொத்தம் கிடைக்கும். பழைய 32 பிட் எண்ணி 4,294,967,295 என்னும் எல்லையைத் தொட்டதும் சுழியத்திற்குத் திரும்பிவிடும். நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் நிறைந்து ஓடும் இணைப்பில் இதற்கு ஏறத்தாழ 34 நொடிகளே ஆகும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அதனைப் படிப்பவர் இடையில் நிகழ்ந்த சுழற்சிகளை அறிய இயலாது. 64 பிட் எண்ணி இக்குறையை நீக்கியது. எனினும், எந்த முகவரிக்கு எவ்வளவு சென்றது என்பதை அதுவும் கூறுவதில்லை.

அதனைக் கூறுவது நெட்ஃபுளோ போன்ற பாய்வுக் கணக்கு. முகவரிகளும் நெறிமுறையும் ஒத்த பொட்டலங்களை அது ஒரே பாய்வாகத் தொகுக்கும். சுமை மிகுந்த திசைவியில் எல்லாப் பொட்டலங்களையும் எண்ணுவது அரிது. ஆதலால் 1000 பொட்டலங்களுக்கு ஒன்று என்றாற்போல மாதிரி எடுத்து, கிடைத்ததை 1000ஆல் பெருக்குவர். ஒரு வகைப் போக்குவரத்தில் 10,000 மாதிரிகள் கிடைத்திருப்பின் பிழை பெரும்பாலும் 2 விழுக்காட்டிற்குள் அடங்கும். 100 மாதிரிகளே கிடைத்திருப்பின் அது 20 விழுக்காடு வரை செல்லும். பத்துப் பொட்டலங்களில் முடிந்துவிடும் சிறு பாய்வு ஒன்று மாதிரியில் இடம்பெறும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்றே. ஒரு செய்யுளை மட்டும் திறந்து படிப்பவரின் வருகை இத்தகையது.

பைட்டும் எழுத்தும்

யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகளைக் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து குறியீடுகளால் 15 பைட்டுகளாகிறது. சுருக்கி அனுப்பும்போது இவ்விகிதம் மாறும். ஆகவே, பைட்டின் எண்ணிக்கையைக் கொண்டு எழுத்தின் எண்ணிக்கையை உறுதியாகக் கூற இயலாது. மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் செல்வது தமிழா பிறமொழியா என்பதும் திசைவிக்குத் தெரியாது.

இவற்றினும் பெரிய வேறுபாடு நூலின் வடிவத்தால் விளைவது. 300 பக்க நூலொன்றின் பக்கப் படம் ஒவ்வொன்றும் 200 கிலோபைட் எனக் கொண்டால் நூல் முழுவதும் 60 மெகாபைட் ஆகும். பக்கத்திற்கு 1500 குறியீடுகள் எனக் கொண்டால் அதே நூலின் எழுத்துப் பிரதி 1.35 மெகாபைட் மட்டுமே. அதாவது, படவடிவ நூலை ஒருவர் பதிவிறக்குவது எழுத்துப் பிரதியை 44 பேர் பதிவிறக்குவதற்கு நிகராகத் திசைவியில் தோன்றும். 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் போன்று பெரிதும் எழுத்து வடிவில் நூல்களை வழங்கும் முயற்சிகள் இவ்வளவுகோலால் சிறுத்தே காணப்படும். ஆனால் தொடரடைவு, சொல்லாட்சி ஆய்வு, பாட ஒப்பீடு ஆகியவற்றிற்கு நேரடியாக உதவுவன எழுத்துப் பிரதிகளே. போக்குவரத்தின் அளவைக் கொண்டு நிதியும் பராமரிப்பும் முடிவு செய்யப்படுமாயின், ஆய்விற்கு மிகுதியும் பயன்படுபவையே முதலில் கைவிடப்படும்.

முடிவுரை

மொத்த அளவு எளிதில் கிடைப்பது. வாசகரின் அடையாளத்தைத் தீண்டாதது என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரே தளத்தின் சுமை காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய அது போதும். வடிவத்தால் வேறுபட்ட இரு தொகுப்புகளை ஒப்பிடும்போது, வழங்கியின் பதிவேட்டிலிருந்து தேடுபொறி உலவிகளின் வருகையை நீக்கி, நூல்வாரியாகக் கணக்கிடுதலே முறையாகும். திசைவியின் மதிப்பீட்டை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் மாதிரி விகிதம், அளந்த காலம், பிழை எல்லை ஆகிய மூன்றையும் உடன் தருதல் வேண்டும். ஓலைச்சுவடியின் பாடவேறுபாட்டைக் குறிக்காத பதிப்பை ஏற்கத் தயங்கும் தமிழாய்வுலகம், பிழை எல்லை கூறாத எண்ணையும் அவ்வாறே அணுகுதல் தகும்.