பற்று நோட்டும் கைப்பேசியும்

எங்கள் நரிக்குடி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மிளகாய் விற்றால்தான் கையில் காசு. அதுவரை எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது மளிகைக்கடைப் பற்று நோட்டால்தான். குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டிய பணமும் அந்நோட்டில் ஏறியதே. 'மிளகாய் போட்டதும்' என்று கடைக்காரர் குறித்த இரு சொற்களே அதற்கு ஈடு.

2016இல் யு.பி.ஐ. வந்தது. இன்று அக்கடையிலும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. கூட்டல் பிழையில்லை, கரையான் பயமில்லை. வரவேற்போம்! ஆனால், கைப்பேசி வந்த பணத்தைச் சொல்லுமே தவிர, வராத பணத்தின் காரணத்தைச் சொல்லாது. நோட்டு இரண்டையும் அறிந்திருந்தது.

வணிகர்கள் புதுமையை ஏற்கட்டும். மழை பொய்த்த ஆண்டிற்கும் அக்கணக்கில் ஓர் இடம் ஒதுக்கட்டும். அதற்கான கணிப்பொறி நிரலை எழுத வேண்டியவர்கள் யார்? அந்நோட்டால் படித்த நாமல்லவா!