வாசலின் புராணம்

கொற்கையில் இப்போது கடல் இல்லை. பாண்டியர் காலத்துத் துறைமுகம், கடல் சில கிலோமீட்டர் விலகிப் போனதில் வயலும் குளமுமாக நிற்கிறது. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளிப்பும் 1961-ஓடு சரி. மிச்சமிருப்பது உப்பு.

உப்பளத்தில் நாள் பூரா நிற்கிறவர்களின் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கோடைக் கண்மாய் மாதிரி வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் உப்புத் தண்ணி இறங்கினால் எப்படியிருக்கும்? சவரத்தில் வெட்டுப்பட்ட இடத்தில் ஆஃப்டர் ஷேவ் பட்டால் ஒரு துள்ளு துள்ளுவோமே, அதை ஒரு முழு ஷிஃப்டுக்கு நீட்டிக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு அக்காவிடம், "வாசலின் தடவுறதில்லையா?" என்றேன்.

"அது மேக்கப் சாமான்லா தம்பி, நமக்கு எதுக்கு?"

மேக்கப் சாமானே இல்லை ஸார். 1859-ல் ராபர்ட் செஸ்பரோ என்கிற 22 வயசு கெமிஸ்ட், அமெரிக்காவில் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போனார். பம்புத் தண்டில் அப்பிக்கொண்டு உயிரை வாங்கிய ஒரு மெழுகை, தொழிலாளிகள் வெட்டுக்காயத்துக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுத்தம் பண்ணி 1872-ல் பேடண்ட் வாங்கிவிட்டார். ஆக, முதல் வாடிக்கையாளரே கூலிக்காரர்தான்! மனுஷன் தினம் ஒரு ஸ்பூன் சாப்பிட்டாராம். 1933 வரை, 96 வயசு இருந்தார். (நீங்கள் முயல வேண்டாம்.)

இதில் மருந்து என்று எதுவும் கிடையாது. தோல் மேல் படலமாக உட்கார்ந்து, உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகாமல் தடுக்கும், அவ்வளவே. பி.காம். பாஷையில் சொன்னால், வரவு ஒரு பைசா கிடையாது, செலவை நிறுத்தும். அதனால் காய்ந்த காலில் தடவி அதிகப் பிரயோஜனமில்லை. ராத்திரி கால் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் போகுமுன் பூசி, பழைய காட்டன் சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். காலையில் அளத்தில் இறங்குமுன் இன்னொரு பூச்சு போட்டால் உப்புத் தண்ணிக்கு ஒரு தடுப்பு. ரத்தம் கசிகிற வெடிப்பு, சர்க்கரைக்காரர் கால் என்றால் நேரே டாக்டர்தான்.

ஏ.ஸி. ரூமில் உதடு வெடிக்கிற நம்மவர்களுக்கும் இதே கணக்கு. கை சுட்டால் மட்டும் உடனே டப்பாவைத் திறக்காதீர்கள். முதலில் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீர். மூக்குக்குள் தினசரி அப்புவதும் வேண்டாம். நுரையீரலுக்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு வகை நிமோனியா வரும்.

கடைசியாக வாலிபர்களுக்கு மட்டும், கொஞ்சம் கிட்ட வாருங்கள்: இது ரப்பரைக் கெடுக்கும். நிரோத் பக்கத்தில் கொண்டுபோனால் உறை கிழியும். விளைவு பத்தாம் மாதம் தொட்டிலில் கிடக்கும்.