மாமியார் காலில் கம்பி

"என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்புக்குச் சற்றுக் கீழே தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் ஆகிறது. கோலூன்றி நடக்கிறார், வலியில்லை என்கிறார். டாக்டரோ மறுபடியும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்கிறார். 'நடக்கிறவளுக்குப் படம் எதற்கு?' என்கிறார்கள் வீட்டில். முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கானும் எழுதிக் கொடுத்திருக்கிறது. காலில் கம்பியை வைத்துக்கொண்டு காந்த மெஷினுக்குள் போகலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

இந்த ஒரு விஷயத்தில் வீட்டார் பேச்சைக் கேட்காதீர்கள், அம்மா. சொன்ன தேதியில் மாமியாரை அழைத்துச் செல்லுங்கள்.

உள்ளே இருக்கும் கம்பி எலும்புக்குப் பதில் அல்ல. எலும்பு தானாகக் கூடி வரும் வரையில் அதற்கு முட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. எலும்பு கூடாமலே நடந்துகொண்டிருந்தால் ஒவ்வோர் அடியின் பாரமும் கம்பியின் தலையில்தான் விழும். ஒரு கொண்டை ஊசியை இப்படியும் அப்படியுமாக வளைத்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. பிறகு சட்டென்று ஒடியும். எவர்சில்வர் ஜாதி எஃகானாலும் சரி, டைட்டானியமானாலும் சரி, இதே கதைதான். இன்னும் சிலருக்குக் கம்பியோடு சேர்த்து வைத்த திருகாணி மெல்ல மெல்ல நகர்ந்து, பந்து போன்ற எலும்புத் தலையைத் துளைத்துக்கொண்டு இடுப்பு மூட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுண்டு. ஆரம்பத்தில் இது வலியாகத் தெரியாமலும் இருக்கலாம்; படத்தில் தெரிந்துவிடும். ஒடிந்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? மறு ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம். தள்ளாத வயதில் அது லேசான காரியமா?

சாதாரணமாக ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தவணை வைப்பார்கள். முறிவைப் பொறுத்து இது மாறும். முறிந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு படர்கிறதா, திருகாணி இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுப்பது காசு பிடுங்குவதற்கல்ல. உலோகம் கதிர்களை மறிப்பதால் அதன் பின்னால் இருப்பது தெரியாது. இது எக்ஸ்ரே பிறந்தபோதே தெரிந்த சங்கதி. 1895 டிசம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் தம் மனைவி பெர்த்தாவின் கையைப் படம் பிடித்தபோது, விரல் எலும்புகளைவிட அந்த அம்மாளின் மோதிரம்தான் பளிச்சென்று விழுந்தது!

கதிர் ஆபத்தில்லையா என்பீர்கள். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாமெல்லாரும் வருஷத்துக்குச் சராசரி 2.4 மில்லிஸீவர்ட் அளவு எப்படியும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். இடுப்புப் படத்தில் சேருவது அதில் ஒரு பகுதியே. முழங்கால் படமென்றால் ஒரு நாள் கணக்குக்கூட ஆகாது. ஆனால் துணைக்குப் போகும் நீங்கள் கர்ப்பிணியாக இருந்தால் எக்ஸ்ரே அறைக்கு வெளியே நில்லுங்கள்.

எக்ஸ்ரேயில் சந்தேகம் தீராவிட்டால் ஸி.டி. ஸ்கான் எடுக்கச் சொல்லக்கூடும். உலோகத்தைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் அடித்துப் படத்தைக் கெடுப்பது அதன் தொல்லை. இப்போது அதை வெகுவாகக் குறைக்க வழிகள் வந்திருக்கின்றன. ஆகையால் கம்பி இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி எம்.ஆர்.ஐ. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. எலும்புக்குள் வைக்கும் எஃகும் காந்தத்துக்கு அவ்வளவாக மசியாத ரகம். எலும்போடு இறுகவும் பிடித்திருக்கிறது. எனவே பெரும்பாலோருக்குத் தடை இராது. படம் கோணலாவது கம்பியைச் சுற்றித்தான். எஃகானால் அதிகம், டைட்டானியமானால் குறைவு. தொடைக் கம்பி முதுகுப் படத்தைக் கெடுக்காது. ஆனால் இருதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள், மூளையில் கிளிப் போட்டவர்கள், தோலுக்கு வெளியே கம்பிச் சட்டம் மாட்டியிருப்பவர்கள் சமாசாரம் வேறு. அதைச் சொல்லாமல் அந்த அறை வாசலைக்கூட மிதிக்கக் கூடாது.

நகைகளைக் கழற்றத்தான் வேண்டும். தாலிச் சங்கிலி என்றால் பலருக்கு மனம் வராது. அன்று காலையிலேயே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டிக்கொண்டு சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, நல்ல யோசனை. சங்கிலியில் தொங்கும் ஊக்கையும் தலையில் செருகிய ஊசியையும் மறந்துவிடாதீர்கள். காலில் இருக்கும் கம்பியைவிட அவைதான் காந்தத்துக்குப் பிரியமானவை.

ஆபரேஷன் ஆனவுடன் எடுத்த முதல் படம் எங்கே இருக்கிறது? திருகாணி நகர்ந்திருக்கிறதா என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். பரணில் சுருட்டிப் போட்டிருந்தால் இன்றே இறக்கித் தட்டையாக ஓர் உறையில் வையுங்கள். கம்பி எந்த உலோகம், எந்தக் கம்பெனி என்று எழுதிய சீட்டையும் கூடவே வையுங்கள். படத்தைத் தகட்டில் பதிந்து கொடுத்திருந்தால் அது குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அதைக் கயிற்றில் கட்டிக் காக்காய் விரட்டுகிறார்கள்.