பண்டிகைக்கு மறுநாள்

இங்கிலாந்துக் கிறிஸ்துமஸ் என்றால் வாழ்த்து அட்டையில் பார்த்த பனிதான் நம் கண்முன் நிற்கும். உண்மையில் தென்பகுதிக் கிராமங்களில் அன்று பனி மூடிக் கிடப்பது அபூர்வம். ஈரக் குளிர், மாலை நாலு மணிக்கே இருட்டு. வாசலில் ஹாலி இலைக்கொத்து, உள்ளே கணப்பு, வான்கோழி விருந்து, பிளம் புட்டிங் என்று குடும்பம் ஒன்றுகூடும்.

ரயில்வேயில் குப்பை கொட்டும் எனக்கு வியப்பு வேறு. டிசம்பர் 25 அன்று பிரிட்டனில் அநேகமாக ரயில்களே ஓடுவதில்லை. டிரைவரும் வீட்டில், டிக்கெட் கொடுப்பவரும் வீட்டில்!

மறுநாள் 'பாக்ஸிங் டே'. குத்துச்சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பண்டிகையன்று எஜமானர் வீட்டில் உழைத்த வேலைக்காரர்களுக்கு, மறுநாள் பெட்டியில் பரிசு கொடுத்து ஓய்வும் தந்த வழக்கத்தால் வந்த பெயர் என்பர். 1871-ல் அது சட்டப்படி விடுமுறையாயிற்று. அன்று வயல்வழியே நெடுந்தூரம் நடந்து, கிராமத்து மதுக்கடையில் நெருப்பருகே அமர்வது குளிர்கால இன்பம்.

அங்கும் எல்லோருக்கும் ஓய்வில்லை. பசு பண்டிகை பார்ப்பதில்லை. பண்ணையாள் விடியுமுன் கறந்தாக வேண்டும்.

நம் நாட்டில் ரயிலை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் பொங்கலுக்கு நாம் ஊர் போவதெப்படி? நாம் வேண்டுவது இவ்வளவே: பண்டிகையன்று உழைத்தவனுக்கு, அவன் மனுப் போட்டுக் கெஞ்சாமலே, மறுநாள் ஓய்வு.

மேலதிகாரியிடம் கேட்குமுன், நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளிடமிருந்து அதைத் தொடங்குவோமே!