கும்பாபிஷேக மீதிப் பணம்

மேலத்தெரு, கீழத்தெரு, தோப்புத்தெரு, காலனி என்று எல்லாத் தெருவிலும் இருக்கும் பெரியவர்களுக்கும் அத்தைமார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கும் சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

மாரியம்மன் கோவில் கும்பாபிஷேகக் கணக்கை நாட்டாமை மாமா வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். பந்தல், யாகசாலை, சிவாச்சாரியார் தட்சிணை, அன்னதானம் எல்லாம் போக, நாங்கள் இங்கே பிரித்து அனுப்பியதில் ஒரு தொகை மிச்சம். அதை வைத்து மெயின்ரோட்டுத் திருப்பத்தில் ஊர் வளைவு கட்டலாம் என்று பையன்கள் சொல்கிறார்களாம். ஊருக்குள்ளேயே ஒரு போதை மறுவாழ்வு மையம் கட்டினால் என்ன என்று மகளிர் குழு அக்காமார் கேட்டிருக்கிறார்களாம். வளைவோடு எனக்குச் சண்டையில்லை. அக்காமார் இந்தப் பேச்சை எடுத்ததே பெரிய காரியம். ஆனால் கட்டடம் எதுவும் கட்ட வேண்டாம், அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

குடியை நிறுத்த நம் ஊரில் யாரும் காசு செலவழிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். தாலிக்கொடியை அடகு வைத்தும் மைக்ரோ பைனான்ஸில் எடுத்தும் செலவழிக்கிறார்கள். அது போகிற இடம்தான் சரியில்லை. முதலில் போவது பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டிக்கு. ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கலாம்’ என்று போன் நம்பரோடு ஒட்டியிருப்பார்களே, அதுதான். கூரியரில் ஒரு பொடி வரும். குழம்பிலோ காபியிலோ கலக்கச் சொல்வார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பொட்டலத்தில் இருக்காது. அது டைசல்பிரம் என்ற மாத்திரையின் பொடியாகவும் இருக்கலாம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும்; உயிரே போகலாம். டாக்டர் பரிசோதித்து, நோயாளியிடம் எடுத்துச் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு கொடுக்கிற மருந்து அது. குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்து கொடுத்தால் அவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டரை ஊற்றிக்கொண்டு வருவார். அப்புறம் நடப்பதற்குக் குழம்பு ஊற்றிய கைதான் பழி சுமக்கும்.

அடுத்தது வேன். இரவு பதினொரு மணிக்கு நாலு தடியன்கள் வந்து ஆளைத் தூக்கிப்போவார்கள். ‘மூணு மாசம், உணவோடு சேர்த்து இவ்வளவு, முன்பணம் இவ்வளவு’ என்பார்கள். நம் தெருவிலேயே ஒரு வீட்டில் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். போனவர் மொட்டைத் தலையோடும் முதுகில் தழும்போடும் திரும்பி வந்தார். வந்த வாரமே கடைக்குப் போனார். எல்லாத் தனியார் இடமும் இப்படி என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் கேள்வி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைகளும் அடக்கம். அந்தச் சட்டப்படி சங்கிலியால் கட்டக் கூடாது, கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே முன்பணத்தை எடுத்து வைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பதிவுச் சான்று எங்கே, மனநல டாக்டர் வாரத்தில் எந்தெந்த நாள் வருகிறார், நாங்கள் வந்து பார்த்துப் பேசலாமா? பார்க்க விடமாட்டோம் என்று சொல்கிற இடத்தில் ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள்.

சரி, நல்ல வைத்தியம் எங்கே, என்ன விலைக்கு? பெரும்பாலும் சும்மாவே கிடைக்கிறது. திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்குத்தான் ஓபி சீட்டுப் போட வேண்டும். ‘பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம்’ என்று சொல்லியே பாதிப் பேரைத் தடுத்துவிடுகிறோம். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு ஆஸ்பத்திரிகளில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களிலும் சிகிச்சைக்குக் காசு கிடையாது. பக்கத்தில் எது என்று கேட்க அந்த அமைச்சகத்தின் இலவச எண் 14446. மனசு தாங்காத ராத்திரியில் பேச 14416, தமிழிலேயே பேசலாம். இந்த இரண்டையும் ரேஷன் கடைச் சுவரில் பெயின்ட்டால் எழுதிவைக்க மீதிப் பணத்திலிருந்து முதல் ஐநூறு ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள்.

இலவசம் என்று கேட்டதும் சிலருக்குக் கூச்சம் வருகிறது. 2003 முதல் சில்லறையில் சரக்கு விற்பதும் அரசுதான். 2023-24இல் மட்டும் டாஸ்மாக் வழியாக 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். அதில் நம் ஊர்க்காரர்கள் கட்டியது கொஞ்சமா? பதிலுக்கு ஒரு கட்டிலும் நாலு மாத்திரையும் கேட்பதில் என்ன கூச்சம்!

இங்கிருந்து அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மனநோய்க்கும் உடல்நோயைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விலக்குகளில் மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதனால் வரும் விளைவுகளும் இருக்கின்றன. பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள். அதை நம்பித் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு பில்லோடு நிற்க வேண்டாம்.

காசைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாளும் காலையிலேயே குடிக்கிற ஆள், ‘இன்னையோட விட்டேன்’ என்று கோவிலில் கயிறு கட்டிக்கொண்டு அப்படியே நிறுத்தினால் நாம் சந்தோஷப்படுகிறோம். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களிடமும் இதைப் பார்க்கிறோம். பல வருஷம் குடித்த உடம்பு திடீர் நிறுத்தலைத் தாங்காது. அன்றைக்கே கை வெடவெடக்கும், வேர்க்கும், தூக்கம் போகும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாது, இல்லாத பூச்சியைச் சுவரில் தட்டுவார்கள், யாரோ வெட்ட வருவதாக ஓடுவார்கள். ‘காத்து கருப்பு’ என்று வேப்பிலை அடிக்கிறோம். அது பேயில்லை, உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108ஐக் கூப்பிட வேண்டும். இன்னொரு பழக்கம், பக்கத்து கிளினிக்கில் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி விடுங்க டாக்டர்’ என்பது. குடிகாரர் உடம்பில் பி1 சத்து வற்றியிருக்கும். தையமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ‘முதலில் தையமின் போட்டுவிடுங்கள்’ என்று அந்த வீட்டுப் பெண்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். டாக்டர் கோபித்தால் கோபிக்கட்டும்.

மாலை போடுவதை நான் குறை சொல்லவில்லை. மருத்துவத்தோடு சேர்ந்தால் அந்த ஒரு மண்டலம் பெரிய துணை. மாலையைக் கழற்றிய அன்று மாலையே என்ன நடக்கிறது என்பதுதான் நமக்குத் தெரியுமே.

கட்டடம் வேண்டாம் என்றேனே, அதற்கு மஞ்சக்குடியே சாட்சி. நம் குடவாசல் பக்கத்து மஞ்சக்குடிதான். சென்னை டி.டி.கே. மருத்துவமனைக்காரர்கள் 1989இல் அங்கே வந்து குடி நோயாளிகளுக்கு முகாம் போட்டார்கள். ஆட்களைப் பட்டணத்துக்கு ஏற்றிப்போகாமல், வைத்தியத்தை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டரும் ஆலோசகர்களும் அவர்களுடையவர்கள். இடம் கொடுத்துத் தாங்கியது உள்ளூர். அந்த மருத்துவமனை பிறந்த கதையும் நமக்குத் தேவை. மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் குடியால் இளம் வயதிலேயே இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் 1980இல் அதைத் தொடங்கினார். காசுக்கோ டாக்டருக்கோ குறைவில்லாத வீடு அது! பணம் மட்டும் போதும் என்றால் அவர் பிழைத்திருப்பார். குடியை நோயாகப் பார்த்து, குடும்பத்தையும் சேர்த்து வைத்து, விட்ட பிறகும் விடாமல் தொடர்ந்து பார்க்கிற முறைதான் அன்றைக்கு இல்லை.

மீதிப் பணத்துக்கான வேலை அந்த விடாமல் தொடர்ந்து பார்ப்பதில்தான் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் கட்டில் இலவசம், மாத்திரை இலவசம். ஆனாலும் ஆட்கள் ஏன் போவதில்லை? வார்டில் கூட இருக்க ஒரு ஆள் வேண்டும். பெண்சாதி போய் உட்கார்ந்தால் நடவுக்கூலி போச்சு, நூறு நாள் வேலையும் போச்சு. ஆட்டுக்குத் தழை போட ஆளில்லை. குழுத் தவணைக்காரன் செவ்வாய்க்கிழமை வாசலில் நிற்பான். அதனால் மூன்றாம் நாளே ‘தெளிஞ்சுட்டாரு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டி வந்துவிடுகிறார்கள். வந்த பிறகு மாதாமாதம் காட்ட வேண்டும். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும். முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அப்போதுதான் நாமும், ‘சேர்த்தாச்சு, செலவழிச்சாச்சு, இனி அவன் பாடு’ என்று கையைக் கழுவுகிறோம். 2019இல் எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். கட்டில் பற்றாக்குறை மட்டும் காரணமாக இருந்தால் வெளிநோயாளியாகவாவது போயிருப்பார்களே.

ஆகவே என் யோசனை: கூட இருப்பவரின் கூலியை ஊர் கொடுக்கட்டும். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு வீட்டுக்கு அரிசி பருப்பு. அந்த மாதக் குழுத் தவணை. ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை இரண்டு பேருக்குப் பஸ் காசு. வெளியே எழுதிக் கொடுக்கும் மாத்திரை இருந்தால் அதற்கான ரசீதுப் பணம். சிகிச்சை எடுத்தவர் மறுபடி குடித்துவிட்டால் உதவியை நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை ஏறிவிட்டது என்று ஒருவரை ஆஸ்பத்திரிக்கு வராதே என்பதில்லையே, அதே நியாயம்தான் இதற்கும். கும்பகோணத்திலோ திருவாரூரிலோ குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நடந்தால் போக வரச் செலவும் தரலாம். அங்கே கட்டணம் கிடையாது.

ஊசி போடுகிற பையன்களைப் பற்றியும் கேள்விப்படுகிறேன். வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்களாம். ஒரே ஊசியை மாற்றிக்கொள்வதால் எச்.ஐ.வி.யும் கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சி-யும் வரும். இந்தப் பழக்கத்துக்கும் மருந்து வைத்தியம் உண்டு, மறைத்து வைக்காதீர்கள். கஞ்சா வழக்குக்குப் பயப்படுகிற பெற்றோர், 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். சிறிய அளவோடு சிக்கிய பழக்க அடிமை தானாக முன்வந்து அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குக்கு அதில் வழி இருக்கிறது.

இங்கே நாங்கள் யோக்கியர்கள் என்று எண்ண வேண்டாம். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 முதல் இரவு பத்தரை மணிக்கு மேல் பொது இடத்தில் குடிக்கத் தடை. இருந்தாலும் டார்மிட்டரிக்குள் குடித்துக் கெடுகிற நம் ஆட்கள் உண்டு. நல்ல சிகிச்சை மையம் இருக்கிறது. ஆனால் அரசு மானியம் வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கிடையாது. வேலைக்கு லாயக்கில்லை என்றானதும் கம்பெனி டிக்கெட் போட்டு ஏற்றிவிடும். அவனும் வந்து இறங்கப்போவது நம் ஊர் பஸ் நிறுத்தத்தில்தான். அதனால் இந்த நிதியில் எங்களுக்கும் பங்கு கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் இங்கே பிரித்து அனுப்ப நாங்கள் பொறுப்பு.

கணக்கை மகளிர் குழுவே எழுதட்டும். நாட்டாமை மாமா கோபிக்கக் கூடாது. பணம் வாங்கியவர் பெயரைக் கோவில் கரும்பலகையில் எழுதாதீர்கள். நோட்டில் தொகை இருந்தால் போதும். பணத்தைக் குடிப்பவர் கையில் கொடுக்காமல், கூட இருப்பவர் கையில் கொடுங்கள். குறுவை அறுப்பு முடிந்ததும் ஊர்க்கூட்டம் போடுங்கள். வளைவுக்காரப் பையன்களும் பேசட்டும், காலனியிலிருந்தும் இரண்டு பேராவது கூட்டத்தில் உட்காரட்டும். என்ன முடிவானாலும் போனில் சொல்லுங்கள். அடுத்த மாதச் சம்பளத்துக்குள் தெரிந்தால் வசூல் நோட்டைத் திறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
கீழத்தெரு வாத்தியார் வீட்டுப் பேரன்,
சிங்கப்பூர்.